தண்டம் கட்ட வழியில்லாதவருக்கு மறியல்தான் முடிவா? யாழ் மாவட்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணம் மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் ஆகியவற்றின் முதல்வர், தவிசாளர்கள், உறுப்பினர்கள், செயலாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2025 மே 6 ஆம் திகதி வாக்களித்து உங்களைச் சபைக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருவன். வீதி விளக்கு, குப்பை, வெள்ளவாய்க்கால், சந்தைக் குத்தகை, மயானம் என்று உங்கள் மாத அமர்வுகளில் நடக்கும் விவாதங்களைப் பத்திரிகையில் தவறாமல் வாசிக்கிறேன். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் எந்தச் சபையிலும் எடுக்கப்பட்டதாக நான் கேள்விப்படாத ஒரு விடயம் இருக்கிறது. அது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் போய் அடைபடுகிற, ஊரில் மறியல் என்று சொல்கிற சிறைச்சாலை.

அது நீதி அமைச்சின் பொறுப்பு, சபைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சட்டப்படி அது சரி. சிறைச்சாலைகள் திணைக்களம் கொழும்பின் கீழ் இருக்கிறது. நீதவான் யாருக்கு என்ன தண்டனை கொடுக்கிறார் என்பதில் நீங்களோ நானோ தலையிட முடியாது, தலையிடவும் கூடாது. ஆனால் சிறைக்குப் பதிலாக நாட்டுச் சட்டத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் ஒரு வழி, உள்ளூரில் வேலைத்தளம் கொடுக்க ஒருவர் முன்வந்தால்தான் நடக்கும். அந்த இடத்தில் உங்கள் சபைகள் வர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் நிலைமையைச் சொல்கிறேன். நாட்டின் சிறைகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறக்குறைய 13,000 பேருக்குள்தான் இடம் இருக்கிறது. சில ஆண்டுகளாக அங்கே இருப்பவர்கள் 25,000 ஐத் தாண்டி நிற்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வழக்கு முடியாமல், குற்றவாளி என்று இன்னும் தீர்க்கப்படாமல் விளக்கமறியலில் இருப்பவர்கள். அம்பிகா சற்குணநாதன் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் ஆணையாளராக இருந்த காலத்தில், அவருடைய வழிநடத்தலில் ஆணைக்குழு 20 சிறைச்சாலைகளுக்கு நேரே போய் ஆய்வு செய்தது. 2020 இல் வெளிவந்த அந்த அறிக்கையை வாசித்தால் நித்திரை வராது. படுக்க இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குகிறார்கள். மலசலகூடத்துக்குள் படுக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரவில் கழிவறைக்குப் போக வழியில்லாத இடங்களில் வாளியும் பொலித்தீன் பையும்தான்.

இந்த நெருக்கத்தின் முடிவு எப்படி இருக்கும் என்பதை நாடு பார்த்துவிட்டது. 2020 நவம்பர் 29 அன்று, கொவிட் தொற்று உள்ளே பரவிக்கொண்டிருந்த நேரத்தில், மஹர சிறையில் நடந்த கலவரத்தில் 11 கைதிகள் இறந்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2012 நவம்பரில், வெலிக்கடையில் 27 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த வெலிக்கடைச் சிறை 1841 இல் ஆங்கிலேயர் கட்டியது. சிறைகளை ஆளும் கட்டளைச் சட்டம் 1877 ஆம் ஆண்டுக்குரியது. புதுக் கட்டடம், இடமாற்றம் என்று ஒவ்வொரு அரசாங்கமும் சொல்லி வருகிறது. கட்டினாலும் அது நிரம்பும். போதைப்பொருளை ஒழிக்கவென்று பொலிசார் 2023 டிசம்பர் 17 இல் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் சில வாரங்களுக்குள் பல்லாயிரம் பேர் பிடிபட்டார்கள். அந்த வேகத்துக்கு ஈடாக எந்த அரசாங்கத்தாலும் சுவர் எழுப்ப முடியாது.

யாழ்ப்பாணம் சிறைச்சாலையின் நெருக்கத்துக்கு எங்களுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. எல்லை தாண்டி வந்து பிடிபடும் தமிழ்நாட்டு மீனவர்கள், ஊர்காவற்றுறையோ பருத்தித்துறையோ நீதவான் முன்னால் நிறுத்தப்பட்டு, பெரும்பாலும் இங்கேதான் கொண்டுவரப்படுகிறார்கள். இழுவைமடியால் எங்கள் கடற்றொழிலாளர் படும் பாடு எனக்கும் தெரியும். அது தனி வழக்கு, அதற்கு நியாயம் வேண்டும். ஆனாலும் ஒரே நாளில் இருபது முப்பது பேர் கூடினால், ஏற்கெனவே நெருக்குண்டு கிடப்பவருக்கு அந்த இரவு எப்படிப் போகும் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே போவது யார் என்பதைப் பார்ப்போம். எங்கள் சனசமூக நிலையத்தில் பல காலம் செயலாளராக இருந்தேன். அந்தப் பொறுப்பில் இருப்பவரிடம் சனம் எதற்கெல்லாம் வரும் என்பது உறுப்பினர்களாகிய உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. “அண்ணை, மகனுக்குப் பிணை கேட்டிருக்கு, இரண்டு ஆள் வேணுமாம், ஒருவர் அரசாங்க உத்தியோகமா இருந்தா நல்லதாம்” என்று தாய்மார் வந்து நிற்பார்கள். கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கித் திரும்புவதற்குள் நீதிமன்றம் கலைந்துவிடும். அன்றைக்குப் பிணை எடுக்க முடியாத பிள்ளை பின்னேரம் சிறைச்சாலை பஸ்ஸில் ஏறும். பிணை கொடுக்கப்பட்ட பிறகும், கையெழுத்து வைக்க ஆள் இல்லாத ஒரே காரணத்தால் உள்ளே இருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இவர்களைவிட என்னை அதிகம் உறுத்துவது தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். ஒரு திங்கட்கிழமை காலையை மட்டும் சொல்கிறேன். கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம், வைத்திருந்த வழக்கு. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மேசனுக்குக் கூலி நிற்பவர், சேர்ட் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு கூண்டில் நின்றார். குற்றத்தை ஏற்றுக்கொண்டார். தண்டம் விதித்தார்கள். அவர் மனைவி நீதிமன்ற வாசல் வேம்பின் கீழே நின்று ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டார். அண்ணன்காரர் எடுக்கவில்லை. வேலை கொடுக்கும் மேசன், வாரக் கடைசியில்தான் காசு வரும் என்றார். சீட்டுப் பிடிக்கிற அக்கா பாதி தருவதாகச் சொன்னார். கைப்பையில் இருந்த சில்லறைத் தாள்களை அந்தப் பெண் எண்ணினார், மடித்தார், திரும்பவும் எண்ணினார். காசு சேரவில்லை. பின்னேரம் கணவனை ஏற்றிப் போய்விட்டார்கள். மூன்று நாளில் எங்கோ கடன்பட்டுக் கட்டி வெளியில் எடுத்தார். அதற்குள் அவர் நின்ற வேலைத்தளத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

இது தனிப்பட்ட ஒருவருடைய கதை இல்லை. ஆண்டுதோறும் தண்டனை பெற்று நாட்டின் சிறைகளுக்குள் போகிறவர்களில் பெரும் பங்கினர் தண்டப்பணம் கட்டத் தவறியவர்கள். நீதவான் இவர்களுக்குச் சிறை என்று முதலில் தீர்க்கவில்லை, காசு கட்டு என்றுதான் தீர்த்தார். அதே குற்றத்துக்கு அதே நாளில் அதே தொகை விதிக்கப்பட்ட இன்னொருவர் காசைக் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார். வாகனக் குற்றங்கள் சிலவற்றுக்கு இப்போது குறைந்தபட்சத் தண்டமே 25,000 ரூபா. நாட்கூலிக்காரருக்கு அது எத்தனை நாள் உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். வெசாக், சுதந்திர தினம் என்று வரும்போது ஜனாதிபதி மன்னிப்பில் நூற்றுக்கணக்கானவர்களை விடுகிறார்கள். அந்தப் பட்டியல்களிலும் தண்டம் கட்ட முடியாதவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களை வைத்திருக்கத் தேவையில்லை என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் உங்கள் சபைகளின் பெயர் வருகிறது. உங்கள் வருமானக் கணக்கில் ‘நீதிமன்றத் தண்டப்பணமும் முத்திரைக் கட்டணமும்’ என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் எல்லைக்குள் நடந்த குற்றங்களுக்கு நீதிமன்றம் அறவிடும் தண்டத்தில் ஒரு பங்கு மாகாண சபை ஊடாக உங்களிடம் வந்து சேருகிறது. அது வரப் பிந்துகிறது, நிலுவை கிடக்கிறது என்று சபைகள் முறையிடுவதையும் கேட்டிருக்கிறேன். நல்லது, கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அந்தத் தண்டம் கட்டியவர்களின் காசில் வீதி விளக்குப் போடுகிற சபை, அதைக் கட்ட இல்லாமல் மறியலுக்குப் போனவரைப் பற்றி ஒரு தடவையாவது பேச வேண்டாமா? அவரும் அதே வட்டாரத்தில் வாக்குப் போட்டவர்தானே.

இனி சட்டத்தில் இருக்கும் வழியைப் பார்ப்போம். 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருக்கிறது. கட்டாயம் இவ்வளவு சிறை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லாத, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனை பெறக்கூடிய குற்றங்களில், சிறைக்குப் பதிலாக ஒருவரை ஊரிலேயே வைத்துத் திருத்தும் கட்டளையை நீதவான் பிறப்பிக்கலாம். குறிப்பிட்ட மணித்தியாலங்கள் சம்பளமில்லாமல் பொது வேலை செய்ய வேண்டும். உளவளத்துணைக்கும், தேவைப்பட்டால் மது, போதைச் சிகிச்சைக்கும் போக வேண்டும். உத்தியோகத்தருக்கு முன்னால் ஒழுங்காகத் தோன்ற வேண்டும். கட்டளையை மீறினால் நீதிமன்றம் திரும்பக் கூப்பிடும். இதற்கென்று ஒரு திணைக்களமும் நீதிமன்றங்களோடு சேர்ந்து இயங்கும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஆளுடைய வீட்டுநிலை, தொழில், பழக்கவழக்கம் பற்றி நீதவானுக்கு அறிக்கை கொடுக்கிறார்கள். 1979 இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலும் சமுதாய சேவைக் கட்டளைக்கு இடமிருக்கிறது. தண்டத்தைக் கட்டத் தவணை கொடுக்கும் அதிகாரமும் நீதவானிடம் இருக்கிறது.

எல்லாம் இருக்கிறது. ஆனால் கட்டளை பெற்றவர் காலை எட்டு மணிக்கு எங்கே போய் நிற்பது? யார் வேலை காட்டுவது, யார் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்குவது, மண்வெட்டியும் கையுறையும் யார் கொடுப்பது? இந்தக் கேள்விகளுக்கு ஊரில் பதில் இல்லையென்றால், நீதவானும் உத்தியோகத்தரும் என்ன செய்வார்கள்? கோயில், ஆஸ்பத்திரி, பாடசாலை என்று ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டுத் திரிய வேண்டும். அங்கெல்லாம் முதலில் வருவது தயக்கம். சபைக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. வேலையும் மேற்பார்வையாளரும் கருவியும் வரவுப் புத்தகமும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

வசதியில்லாத நாட்டில் இதெல்லாம் நடக்காது என்று சிலர் சொல்லக்கூடும். சிம்பாப்வே எங்களைவிட வசதியான நாடில்லை. 1990களின் தொடக்கத்தில் அங்கேயும் சிறைகள் பிதுங்கி நின்றன. உள்ளே இருந்தவர்களில் நிறையப் பேர் சில மாதத் தண்டனைக்காரர். பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிறை கிடைக்கக்கூடியவர்களுக்கு 35 மணித்தியாலத்திலிருந்து 420 மணித்தியாலம் வரை சமுதாய சேவை என்று ஒரு அளவுகோல் போட்டார்கள். பாடசாலை அதிபரும் கிராம வைத்தியசாலைத் தாதியும் உள்ளூர் நிர்வாக அலுவலரும்தான் மேற்பார்வை பார்த்தார்கள். புதிதாக ஒரு பெரிய படை தேவைப்படவில்லை. 1997 இல் அதே நாட்டின் கடோமா நகரில் ஆபிரிக்க நாடுகள் கூடி இந்த முறைக்கு ஆதரவாகப் பிரகடனம் செய்தன. அடுத்த ஆண்டே கென்யா தனக்கென்று சட்டம் இயற்றியது. எங்கள் சட்டம் வந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. நாங்கள் ஒன்றும் பிந்தித் தொடங்கவில்லை.

சபைகளிடம் நான் கேட்பது இதுதான். மாத அமர்வில் ஒரு தீர்மானம் எடுத்து, உங்கள் சபையை இந்தத் திட்டத்துக்கான வேலைத்தளமாகப் பதிவு செய்யும்படி திணைக்களத்துக்கு எழுதுங்கள். எந்த உப அலுவலகத்தில், எந்த நாளில், என்ன வேலை, யார் பொறுப்பு என்று பட்டியல் கொடுங்கள். அந்தப் பட்டியலின் பிரதி உங்கள் பகுதி நீதிமன்றத்தோடு இணைந்த சமுதாய சீர்திருத்த உத்தியோகத்தர் கையிலும் இருக்கட்டும். யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று ஐந்து நீதவான் நீதிமன்றங்கள்தானே, தூரம் அதிகமில்லை. ஒரு சபை தொடங்கினாலே போதும், மற்றவை பார்த்துக்கொண்டு வரும்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில்தான் நல்ல திட்டங்கள் கெட்டுப்போகின்றன. அலுவலக நேரம், எட்டரையிலிருந்து நாலேகால் என்று மட்டும் வைத்தால் கூலிக்காரர் தன் நாட்கூலியை இழப்பார். இரண்டாம் கிழமை வரமாட்டார். வரவில்லை என்று நீதிமன்றம் கூப்பிடும். கடைசியில் அதே மறியல். கடற்றொழிலாளி விடியக் கரைக்கு வந்து, மீன் விற்று, வலை தெரிந்து முடிக்க மத்தியானமாகிவிடும். அவருக்குப் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் கொடுங்கள். மேசனுக்கும் ஓட்டோ ஓடுகிறவருக்கும் ஞாயிறு காலை சரிவரும். கைக்குழந்தையோடு இருக்கும் தாய்க்கு முன்பள்ளி நேரம். கசிப்பு விற்றுப் பிடிபடுகிற பெண்களில் குடும்பத்தைத் தனியே தூக்கிச் சுமப்பவர்கள் எத்தனை பேர் என்பது வட்டார உறுப்பினருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரை ஒரு மாதம் உள்ளே வைத்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பிள்ளையின் பள்ளிக்கூடமும் நின்றுவிடும்.

இனி, வெளிப்படையாகப் பேச வேண்டிய ஒரு விடயம். இந்த யோசனையைச் சொன்னவுடனே பலருடைய வாயில் முதலில் வருவது, “நல்லது, குப்பை அள்ள விடுங்கோ, வாய்க்கால் துப்பரவாக்க விடுங்கோ” என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் ஊரில் அந்த வேலைகள் யாருடைய தலையில் பரம்பரையாகச் சுமத்தப்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் மேடையில் சொல்வதில்லை. உங்கள் சபைச் சுகாதாரத் தொழிலாளி தினமும் செய்து சம்பளம் வாங்குகிற வேலையை இன்னொருவருக்குத் தண்டனையாகக் கொடுத்தால், அந்தத் தொழிலாளியின் வாழ்நாள் உழைப்பையே தண்டனை என்று சபை அறிவிப்பதாகத்தான் அர்த்தம். அவருடைய பிள்ளை அதைப் பார்க்கும். அதோடு, சம்பளமில்லாத ஆட்கள் கிடைக்கிறார்கள் என்று வெற்றிடங்களை நிரப்பாமல் விடும் ஆசையும் நிர்வாகத்துக்கு வரக்கூடும். தற்காலிகத் தொழிலாளர்கள் நிரந்தர நியமனத்துக்காகக் காத்திருக்கும் சபைகளில் அது பெரிய அநியாயமாகப் போய்விடும். எடுக்கும் தீர்மானத்திலேயே இதைத் தடுத்து எழுதிவிடுங்கள்.

வேலைக்கா பஞ்சம்? மாரி தொடங்குமுன் பனம் விதை நடலாம். வாசிகசாலையில் கிழிந்த புத்தகங்களைக் கட்டலாம். முன்பள்ளிச் சுவருக்கு நிறம் பூசலாம், குளக்கட்டில் மரக்கன்றுக்கு வேலி போடலாம். மேசன் என்றால் உடைந்த மதகைக் கட்டித் தரட்டும். தச்சுவேலை தெரிந்தவர் பாடசாலை வாங்குகளைத் திருத்தட்டும். கைத்தொழில் தெரிந்தவருக்கு அந்தத் தொழிலையே கொடுத்தால், வேலை முடிந்து போகும்போது அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு போவார். ஊர்ச் சனமும் ‘மறியலுக்குப் போனவன்’ என்று சொல்லாமல் ‘அந்த மதகைக் கட்டினவர்’ என்று சொல்லும். இன்னொன்று, படம் எடுத்து முகநூலில் போடக்கூடாது. உறுப்பினர் ஒருவரும் பக்கத்தில் நின்று படம் பிடிக்கக்கூடாது. தனி நிறச் சட்டையும் வேண்டாம். ஒழுங்கைக்கு ஒழுங்கை ஆளை ஆள் தெரிந்த இடம் இது. அவமானப்படுத்தினால் அவர் அடுத்த நாள் வரமாட்டார், அவருடைய மகளுக்குப் பேசிய கலியாணமும் குழம்பும்.

பாதுகாப்புப் பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். வாள்வெட்டுக்காரரையும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுமை செய்தவர்களையும், போதைப்பொருளை மொத்தமாகக் கடத்துபவர்களையும் முன்பள்ளி வாசலில் நிறுத்தும்படி நான் கேட்கவில்லை. சட்டமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பாதிக்கப்பட்டவர் அதே ஊரில் இருந்தால், அவர் கண்ணில் படாத இடத்தில் வேலை கொடுக்க வேண்டும். யாரை அனுப்பலாம் என்று பார்த்து அறிக்கை எழுதுவது உத்தியோகத்தரின் வேலை, தீர்மானிப்பது நீதவான். சபைக்கும் ஆளை ஏற்கமுடியாது என்று காரணத்தோடு எழுதும் உரிமை இருக்கட்டும்.

போதைப்பொருள் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. இன்று நாட்டில் தண்டனை பெற்று உள்ளே இருப்பவர்களில் பாதிக்கும் மேல் போதைப்பொருள் குற்றங்களுக்காக இருப்பவர்கள். எங்கள் மாவட்டத்தில் ஹெரோயினும் ஐஸும் எந்த ஒழுங்கை வரைக்கும் வந்துவிட்டன என்பது உங்களுக்குத் தெரியும். பெற்றோரே பிள்ளையைப் பொலிசில் பிடித்துக் கொடுத்த வீடுகள் இருக்கின்றன. “உள்ளே இருந்தாலாவது உயிரோட இருப்பான்” என்று ஒரு தகப்பன் என்னிடம் சொன்னார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. மூன்று தரம் வீட்டுச் சாமான் விற்றுப் போன பிறகு, வேறு வழி தெரியாமல் சொன்னார். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது? பாவித்துப் பிடிபட்ட இருபது வயதுப் பிள்ளை, விற்றுப் பிடிபட்டவனோடு தோள் முட்டப் படுக்கிறது. வெளியில் வரும்போது யாரிடம் வாங்குவது, யாருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்ற தொடர்புகளோடு வருகிறது. கந்தக்காடு போன்ற போதை மறுவாழ்வு முகாம்களுக்குத் தூர அனுப்புவதும் விடையாகாது. 2022 ஜூன் இறுதியில் அங்கே ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானவர்கள் வேலி பாய்ந்து ஓடியதை எல்லோரும் அறிவோம். சிறிய அளவோடு பிடிபட்டு, சட்டம் இடம் கொடுக்கிற பிள்ளைகளுக்கு ஊரிலேயே சிகிச்சையும் மேற்பார்வையும் வேலையும் சேர்ந்து கிடைக்க வேண்டும். சிகிச்சையைச் சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ளும். அதற்குப் போய் வருவதற்கு ஒரு இடமும், காலை எழும்பிப் போக ஒரு வேலையும் சபை கொடுக்கலாம்.

சிறை என்றால் எங்கள் நெஞ்சில் முதலில் வருவது வேறு விடயம். 1983 ஜூலை 25 ஆம், 27 ஆம் திகதிகளில் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் வெட்டியும் அடித்தும் கொல்லப்பட்டார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர்களுக்காக எங்கள் கட்சிகளும் குடும்பங்களும் எத்தனை ஆண்டாகப் போராடுகின்றன. அந்தக் குரல் ஓயக்கூடாது, அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் அதே சுவருக்குள் கசிப்பு வழக்குக்காரரும் சைக்கிள் களவெடுத்த பையனும் தண்டம் கட்ட இல்லாதவரும் கிடக்கிறார்கள். அவர்களுக்காக அறிக்கை விட ஒரு கட்சியும் இல்லை, ஊர்வலம் போக ஒரு சங்கமும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் காணியில்லாத, கடனில் இருக்கிற, வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத குடும்பங்கள். சிறைக்குள் மனிதரை மனிதராக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டு வந்த சமூகம் நாங்கள். அதை இவர்களுக்காகவும் கேட்க வேண்டும்.

விளக்கமறியலில் இருப்பவர்கள் விடயத்தில் சபைக்கு உள்ள இடம் சிறியது. பிணைச் சட்டம் 1997 இல் வந்தது. பிணை கொடுப்பதுதான் வழமை, மறுப்பது விதிவிலக்கு என்பதே அதன் அடிப்படை. விளக்கமறியல் கைதிகளைப் பார்க்க நீதவான் மாதத்துக்கொரு முறை சிறைக்குப் போக வேண்டும் என்று 1991 ஆம் ஆண்டுச் சட்டமொன்றும் சொல்கிறது. அவற்றை நடத்துவது நீதித்துறை. உங்களால் முடிவது ஒன்று. வட்டாரத்துக்கு வட்டாரம் உறுப்பினர் இருக்கிறீர்கள். பிணை கிடைத்தும் கையெழுத்துக்கு ஆள் இல்லாமல் கிடப்பவரின் வீட்டுக்கு, கிராம அலுவலரோடு சேர்ந்து அன்றைக்கே வதிவிடச் சான்றிதழை எடுத்துக் கொடுக்கலாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு வழி காட்டலாம்.

காசைப் பற்றி. கையுறை, மண்வெட்டி, தேநீர், விபத்து நடந்தால் பார்க்க ஒரு சிறு ஒதுக்கீடு, இவ்வளவும்தான் செலவு. நீதிமன்றத் தண்டப்பணமாக வரும் தொகையில் ஒரு சிறு வீதத்தை இதற்கென்று வரவு செலவுத்திட்டத்தில் தனி வரியாகப் போடலாம். கட்ட முடிந்தவர்கள் கட்டிய காசு, கட்ட முடியாதவர்கள் மறியலுக்குப் போகாமல் வீட்டிலிருந்தே தண்டனையைத் தீர்க்க உதவட்டும். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் இதை எதிர்ப்பதற்குக் காரணம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

ஆண்டு முடிவதற்குள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத்திட்டத்தை நீங்கள் நிறைவேற்றியாக வேண்டும். அதற்கு முந்திய மாத அமர்வின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு விடயமாகச் சேருங்கள். அமர்வுக்குச் சமுதாய சீர்திருத்த உத்தியோகத்தரை அழைத்து அரை மணித்தியாலம் பேச விடுங்கள். உங்கள் எல்லைக்குள் இப்போது எத்தனை பேர் கட்டளையில் இருக்கிறார்கள், எத்தனை பேருக்கு வேலைத்தளம் கிடைக்கவில்லை என்று அவரிடம் கேளுங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் யாராவது ஒரு தவிசாளர் இதை எழுப்புங்கள். சிறைச்சாலை அத்தியட்சகரும் பொலிசாரும் பிரதேச செயலாளர்களும் அங்கே ஒரே மேசையில் இருப்பார்கள். தீர்மானத்துக்கான வரைவையும் வேலைத்தளப் பட்டியலுக்கு ஒரு மாதிரிப் படிவத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கட்சி உறுப்பினர் கேட்டாலும் சபை வாசலுக்கே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
வலிகாமத்துச் சனசமூக நிலையமொன்றின் முன்னாள் செயலாளர்